பதினான்கு நாள் போதாது: நீண்டகால அரிமானச் சோதனைகளை நிறுத்திய குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வுத் திட்டக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

அணு உலை எரிபொருள் குழாய்கள் செய்யப் பயன்படும் சிர்கோனியம் உலோகக்கலவைகள் மீதான நீண்டகால அரிமானச் சோதனைகளை நிறுத்துவது என்ற உங்கள் முடிவு சுற்றறிக்கையாக எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. இனிமேல் 3 நாள், 14 நாள் சோதனைகள் மட்டும்தான் நடக்க வேண்டும்; அதற்கு மேல் என்ன ஆகும் என்பதைக் கணினி மாதிரிகள் சொல்லிவிடும்; இப்போது ஆட்டோகிளேவுக்குள் (உயர் அழுத்தத்தில் நீரையோ நீராவியையோ சூடாக்கி வைத்திருக்கும் மூடிய கலம்) தொங்கிக்கொண்டிருக்கும் துண்டுகளை வெளியே எடுத்துவிட வேண்டும்; பழைய துண்டுகள் இருக்கும் அலமாரிகளைக் காலி செய்ய வேண்டும். சுற்றறிக்கையின் சாரம் இவ்வளவுதான். இந்தத் துறையில் தெரிந்துகொள்ள வேண்டியது அநேகமாகத் தெரிந்துவிட்டது என்பது காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

அந்தத் துண்டுகளைத் தேய்த்து, அமிலத்தில் முக்கி, கழுவி, எடை போட்டு, ஆட்டோகிளேவுக்குள் தொங்கவிடுவதுதான் பல வருடங்களாக என் வேலை. இந்த முடிவை எடுக்கும் முன் எங்களில் ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதை இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். இதன் விளைவு எங்கள் கூடத்தோடு நின்றுவிடாது.

குழுவில் நிதி, நிர்வாகத் துறைகளைச் சேர்ந்தவர்களும் இருப்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன். அழுத்த நீர் உலையில் யுரேனிய வில்லைகளை அடைத்து வைத்திருக்கும் குழாயின் விட்டம் சுமார் 9.5 மில்லிமீட்டர். அதன் சுவர் 0.57 மில்லிமீட்டர் அளவுதான். உள்ளே கதிரியக்கப் பிளவுப் பொருள்கள். வெளியே ஏறத்தாழ 155 பார் அழுத்தத்தில் 290 முதல் 325 டிகிரி செல்சியஸ் வரை சூடான நீர். மூன்று முதல் ஐந்து வருடம் அந்தச் சுவர் அந்த நீரில் தாக்குப்பிடிக்க வேண்டும். நியூட்ரான்களை அதிகம் விழுங்காது என்பதால்தான் சிர்கோனியம் இந்த இடத்துக்கு வந்தது. மெதுவாகச் செல்லும் வெப்ப நியூட்ரான்களை ஒரு தனிமம் எவ்வளவு விழுங்கும் என்பதைக் காட்டும் அளவு உட்கவர் குறுக்குப்பரப்பு, அதன் அலகு பார்ன். சிர்கோனியத்துக்கு அது 0.18 பார்ன். தாதுவில் அதோடு சேர்ந்தே வரும் ஹாஃப்னியத்துக்கு அது நூறு பார்னுக்கும் மேல். அதனால்தான் அவ்வளவு செலவு செய்து ஹாஃப்னியத்தைப் பிரித்தெடுக்கிறார்கள்.

ஆனால் சூடான நீருக்கும் இந்த உலோகத்துக்கும் ஆகாது. நீரிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு சிர்கோனியம் ஆக்சைடாக மாறும்; ஹைட்ரஜன் மிஞ்சும். இதை நிறுத்தவே முடியாது, மெதுவாக்கத்தான் முடியும். மெதுவாக்குவதும் அந்த ஆக்சைடுப் படலமேதான். கருப்பாக, மினுமினுப்பாக, உலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டு அது வளரும். ஆக்சிஜன் அந்தப் படலத்தை ஊடுருவிப் போய்த்தான் அடியிலிருக்கும் உலோகத்தைத் தொட முடியும் என்பதால் படலம் தடிக்கத் தடிக்க வேகம் குறையும். முதல் சில வாரங்களின் எடைக் கணக்கை வரைபடத்தில் போட்டால் கோடு நன்றாக வளைந்து படுத்துக்கொள்ளும். பார்க்கிற யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். உலோகம் ஆக்சைடாகும்போது அதன் கன அளவு 1.56 மடங்காகிறது. விரிய இடமில்லாததால் படலத்துக்குள் தகைவு, அதாவது உள்ளிறுக்கம், சேர்ந்துகொண்டே போகிறது. ஏறக்குறைய 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனை எட்டும்போது நுண்ணிய விரிசல்களும் துளைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து நீர் உள்ளே போக வழி திறந்துவிடுகிறது. வேகம் சட்டென்று கூடுகிறது. இதைத்தான் திருப்பம் என்கிறோம். அடியில் புதுப் படலம் வளர்ந்து மறுபடி குறைகிறது, மறுபடி விரிசல் விட்டுக் கூடுகிறது. பல சுற்றுகள் சேர்ந்த பிறகு கோடு படுப்பதே இல்லை, நேராக ஏறிக்கொண்டே போகிறது. முதல் திருப்பம் எப்போது வருகிறது, அதற்குப் பிறகு ஏற்றம் எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது, இந்த இரண்டும்தான் ஒரு கலவையின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. 360 டிகிரி நீரில் அந்தத் திருப்பம் வரவே மாதக்கணக்கில் ஆகும்.

இப்போது நீங்கள் போதும் என்று சொல்லும் சோதனையைப் பாருங்கள். 400 டிகிரி நீராவியில் 3 நாள் வைத்து எடுத்தால் எடை அதிகரிப்பு சதுர டெசிமீட்டருக்கு 22 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நெடுங்காலமாக வழக்கத்திலிருக்கும் ஏற்பு வரம்பு. ஒரு மைக்ரான் ஆக்சைடுக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் 22 மில்லிகிராம் என்பது ஒன்றரை மைக்ரான். திருப்பம் வருவதோ 2 மைக்ரானில். விஷயம் எங்கே ஆரம்பிக்கிறதோ, அதற்குச் சற்று முன்னாலேயே சோதனை முடிந்துவிடுகிறது. 14 நாளுக்கான 38 மில்லிகிராம் வரம்பும் இரண்டரை மைக்ரானைத்தான் தொடுகிறது. உலையில் நீண்ட காலம் ஓடிய பழைய சிர்காலாய்-4 (சிர்கோனியக் கலவைகளில் ஒன்று) குழாய்களிலோ 100 மைக்ரானை எட்டிய படலங்கள் உண்டு. குறுஞ்சோதனைகளை நான் குறை சொல்லவில்லை. உருக்கும்போது நைட்ரஜன் கலந்துவிட்டதா, அமிலக் கழுவல் ஒழுங்காக நடந்ததா என்று ஒரு தொகுதியைத் தொழிற்சாலை வாசலிலேயே நிறுத்திக் கேட்பதற்காக ஏற்பட்டவை அவை. அதை நன்றாகவே செய்கின்றன. ஐந்து வருடம் கழித்து இந்தக் குழாய் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு அவற்றிடம் பதில் கிடையாது.

இந்த உலோகத்தின் கதையே இங்கேதான் தொடங்குகிறது. அணுசக்தியில் ஓடிய முதல் நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸுக்காக அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிக்கோவர் சிர்கோனியத்தைத் தேர்ந்தெடுத்தபோது முதலில் வந்த கலவை சிர்காலாய்-1. சிர்கோனியத்தில் 2.5 சதவீதம் வெள்ளீயம். ஆரம்ப முடிவுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீண்ட சோதனைகள் ஓடிய பிறகுதான், காலம் போகப் போக அதன் அரிமான வேகம் குறைவதற்குப் பதில் கூடுகிறது என்பது தெரிந்தது. 1952இல் அதைக் கைவிட்டு சிர்காலாய்-2க்கு மாறினார்கள். அந்த சிர்காலாய்-2 பிறந்ததும் கணக்குப் போட்டு இல்லை. ஒரு வார்ப்பில் தவறுதலாகத் துருப்பிடிக்காத எஃகு கலந்துபோய், அது மற்றவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்ததைப் பார்த்துத்தான் சொற்ப அளவு இரும்பு, குரோமியம், நிக்கல் ஆகியவற்றின் மதிப்பு தெரிந்தது. நிக்கல் ஹைட்ரஜனை அதிகமாக உள்ளே இழுக்கிறது என்று பின்னால் கண்டுபிடித்து, அதை நீக்கி சிர்காலாய்-4 செய்ததும் இதே பாதையில்தான்.

ஹைட்ரஜனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுற்றறிக்கையில் அந்தச் சொல்லே இல்லை. அரிமானத்தில் விடுபடும் ஹைட்ரஜன் முழுவதும் நீரோடு போய்விடுவதில்லை, ஒரு பகுதி உலோகத்துக்குள் புகுந்துவிடுகிறது. 300 டிகிரியில் சிர்கோனியம் பத்து லட்சத்தில் 70 பங்கு அளவு ஹைட்ரஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அறை வெப்பநிலையில் ஏறக்குறைய ஒன்றும் கரையாது. மிஞ்சியது ஹைட்ரைடு தகடுகளாகப் படியும், அவை நொறுங்கும் தன்மை கொண்டவை. உலோகம் வளையும் திறனை இழக்கிறது. இதில் எங்களைத் தூங்கவிடாத விஷயம், எடை அதிகரிப்பு சாதாரணமாக இருக்கும்போதே ஹைட்ரஜன் ஏற்பு அசாதாரணமாக இருக்க முடியும் என்பதுதான். தராசு அதைக் காட்டாது. துண்டை வெற்றிடத்தில் சூடாக்கி, வெளிவரும் வாயுவை அளந்தால்தான் தெரியும். அந்த அளவீடும் உங்கள் புதிய திட்டத்தில் விடுபட்டிருக்கிறது.

காலம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு 1983 ஆகஸ்டில் கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் நடந்ததை நினைவூட்டுகிறேன். 2ஆம் உலையில் எரிபொருளையும் சூடான கனநீரையும் உள்ளே கொண்ட சிர்காலாய்-2 அழுத்தக் குழாய் ஒன்று சுமார் 2 மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. குழாயைத் தாங்கி நிற்க வேண்டிய வளையம் இடம் மாறியிருந்தது. சூடான குழாய் தொய்ந்து வெளியே இருந்த குளிர்ந்த குழாயைத் தொட்டது. கனநீரிலிருந்து வருடக்கணக்கில் உலோகத்துக்குள் சேர்ந்திருந்த டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) அந்தக் குளிர்ந்த புள்ளியை நோக்கி நகர்ந்து ஹைட்ரைடு கொப்புளங்களாகத் திரண்டது. உலை ஓடத் தொடங்கி ஒரு வியாழவட்டம் ஆன பிறகு நடந்த விபத்து இது. உலையைப் பாதுகாப்பாக நிறுத்த முடிந்தது. ஆனால் 1, 2ஆம் உலைகளின் அழுத்தக் குழாய்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு 2.5 சதவீத நயோபியம் சேர்ந்த சிர்கோனியக் குழாய்களைப் போட வேண்டியதாயிற்று. எந்தக் குறுஞ்சோதனையிலும் தலைகாட்டாத குறை அது.

சரி, வரலாறு இருக்கட்டும். எங்கள் கூடத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஒரே தயாரிப்பாளரிடமிருந்து, ஒரே கலவையில், இரண்டு தொகுதிக் குழாய்கள் வந்தன. வேதியியல் அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. 3 நாள் சோதனையில் இரண்டும் தேறின, 14 நாளிலும் தேறின. இரண்டும் ஒரே கருப்பு. வழக்கப்படி 360 டிகிரி நீரில் விட்டு, அவ்வப்போது நிறுத்தி, ஆறவைத்து, திறந்து எடை போட்டு வந்தோம். முதல் தொகுதி கடைசிவரை அமைதியாக இருந்தது. இரண்டாவது தொகுதியில் ஒரு தடவை திறந்தபோது வெட்டு ஓரங்களில் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. அடுத்த தடவை வெள்ளைத் திட்டுகள். அதற்கடுத்த தடவை இடுக்கியால் தொட்டதுமே படலம் செதில் செதிலாகக் கழன்று தட்டில் விழுந்தது. காரணத்தைத் தேடிப் போனபோது இரண்டு தொகுதிகளுக்கும் வெப்பப் பதப்படுத்தல் ஒரே மாதிரி நடக்கவில்லை என்பது தெரிந்தது. உலோகத்துக்குள் இரும்பும் குரோமியமும் சேர்ந்து திரளும் துகள்கள் இருக்கின்றன, ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவில். அவற்றின் அளவும் பரவலும் மாறியிருந்தன. வேதியியல் அறிக்கையில் அது வராது. கணினி மாதிரிக்கு அந்த அறிக்கையைத்தான் கொடுத்திருப்பீர்கள். இரண்டு தொகுதிகளுக்கும் ஒரே விடைதான் வந்திருக்கும்.

மேற்பரப்பும் அப்படித்தான். குழாய்களைச் சுத்தம் செய்ய ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த குளியலில் முக்குகிறோம். வெளியே எடுத்ததும் உடனே கழுவாவிட்டால் ஃப்ளூரைடு மேற்பரப்பிலேயே தங்கிவிடும். பிற்பாடு சரியாக அந்த இடத்தில் அரிமானம் பொங்கி எழும். 1 சதவீத நயோபியம் கொண்ட ரஷ்யாவின் ஈ110, பிரான்சின் எம்5 ஆகிய இரண்டு கலவைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கலவை விகிதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. சாதாரண இயக்கத்தில் இரண்டும் நன்றாகவே நடந்துகொண்டன. ஆனால் ஏறத்தாழ 1000 டிகிரி நீராவியில் பழைய முறையில் செய்த ஈ110இன் படலம் சீக்கிரமே உடைந்து உதிர்ந்தது, எம்5இன் படலம் நின்றது. மூல உலோகத்தைத் தயாரித்த விதம், சொற்ப மாசுகள், மேற்பரப்பைச் சீர்செய்த முறை என்று காரணங்கள் ஒவ்வொன்றாகப் பிறகுதான் தெரியவந்தன. இவ்வளவு படித்த துறையிலேயே இப்படி என்றால், தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்று எந்தத் துணிச்சலில் எழுதினீர்கள்?

கணினி மாதிரிகள் மீது எனக்கு விரோதம் இல்லை. எங்கள் கூடத்திலேயே அவற்றை எழுதும் நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய வேலையை மதிக்கிறேன். ஆனால் அந்த மாதிரிகளில் திருப்பம் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை யாரோ ஒருவர் எண்ணாக உள்ளே இடுகிறார். அந்த எண் மாதக்கணக்கில் ஓடிய ஆட்டோகிளேவிலிருந்து வந்தது. விரிசல் எப்போது விடும் என்பதை அணுக்களின் அடிப்படை விதிகளிலிருந்து கணக்கிட்டு நம்பகமாகச் சொல்லும் நிலைக்கு இன்னும் யாரும் வரவில்லை. புதுக் கலவைக்குப் புது எண் வேண்டும். அளவீட்டை நிறுத்திவிட்டால் மாதிரி பழைய எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

உங்கள் தரப்பில் நியாயமான ஒரு வாதம் உண்டு. ஆட்டோகிளேவ் உலை ஆகாது என்பது அது. உண்மைதான். எங்கள் துண்டுகளில் நியூட்ரான் தாக்கம் இல்லை, வெப்பப் பாய்வும் இல்லை. உலையில் ஆக்சைடு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாததால், சராசரி வெப்பப் பாய்வில் 50 மைக்ரான் படலம் அடியிலிருக்கும் உலோகத்தை ஏறக்குறைய 15 டிகிரி கூடுதலாகச் சூடாக்கும், அந்தச் சூடு அரிமானத்தை மேலும் விரைவாக்கும். நீராவி உற்பத்திக் கலங்களின் குழாய்களிலிருந்து கரைந்து வரும் நிக்கலும் இரும்பும் எரிபொருள் குழாயின்மேல் படிந்தால் அது இன்னும் மோசமாகும். கதிர்வீச்சு அந்தச் சின்னத் துகள்களையே கரைத்துவிடும். இவை அத்தனையும் அரிமானத்தைக் கூட்டுகிற காரணங்கள். ஆட்டோகிளேவ் காட்டும் வேகத்தை அடித்தளமாக வைத்துத்தான் இவற்றின் பங்கைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. அடித்தளம் முழுமையாக இல்லை என்பதற்காக அதையே எடுத்துவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது?

அதோடு, நீரும் ஒரே நீராக இருப்பதில்லை. நியூட்ரான்களைக் கட்டுப்படுத்தப் போரிக் அமிலம், அதன் அமிலத்தன்மையைச் சமன்செய்ய லித்தியம் ஹைட்ராக்சைடு, ஆக்சிஜனை அடக்கக் கரைந்த ஹைட்ரஜன். எரிபொருள் சுற்று, அதாவது ஒருமுறை எரிபொருள் மாற்றியதிலிருந்து அடுத்த முறைவரை உலை ஓடும் காலம், நீளும்போது தொடக்கத்தில் போரான் கூடுகிறது, அதற்கேற்ப லித்தியமும் கூடுகிறது. லித்தியம் படலத்தின் துளைகளில் செறிந்தால் அரிமானத்தைத் தூண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு முறை நீர் வேதியியலை மாற்றும்போதும் முந்தைய தரவு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இப்போது எரிபொருளை இன்னும் அதிக எரிப்பு அளவுக்குக் கொண்டுபோக, அதாவது அதே எரிபொருளிலிருந்து இன்னும் அதிக ஆற்றல் எடுக்க, பேச்சு நடக்கிறது. குரோமியம் பூசிய குழாய்கள் வருகின்றன, பூச்சில் கீறல் விழுந்தால் அந்த ஓரத்தில் என்ன நடக்கும் என்று நீண்ட நாள் பார்த்தே ஆக வேண்டும். உலையிலிருந்து வெளியே வந்த குழாய்களும் உலர் சேமிப்பில் பல பத்தாண்டுகள் இருக்கப்போகின்றன. உள்ளே சேர்ந்த ஹைட்ரஜன் அங்கே ஆறும்போது எந்தத் திசையில் படிகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவற்றின் உறுதி. நிறுத்துவதற்கு இதைவிடத் தவறான நேரம் எனக்குத் தோன்றவில்லை.

விபத்தைக் காட்டிப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை, ஆனால் ஒரு தொடர்பைச் சொல்லாமல் விட முடியாது. குளிர்விப்பு நீர் இழப்பு நேரும்போது எரிபொருளின் உறையான இந்தக் குழாயின் வெப்பநிலை 1204 டிகிரியைத் தாண்டக்கூடாது, ஆக்சிஜனேற்றம் சுவர்த் தடிமனில் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பவை 1970களிலிருந்து பரவலாகப் பின்பற்றப்படும் வரம்புகள். அந்த 17 சதவீதத்தில் சாதாரண இயக்கத்திலேயே தின்று தீர்க்கப்பட்ட பங்கையும் சேர்க்க வேண்டும். 100 மைக்ரான் ஆக்சைடு உருவாக ஏறக்குறைய 64 மைக்ரான் உலோகம் செலவாகிறது. 0.57 மில்லிமீட்டர் சுவரில் அது 11 சதவீதம். மெதுவான அரிமானம் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது தெரியாவிட்டால், விபத்தன்று கையில் எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியாது. 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் உலையைச் சூழ்ந்த பாதுகாப்புக் கட்டடத்துக்குள் எரிந்த ஹைட்ரஜனும், 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் உலைக் கட்டடங்களைப் பிளந்த ஹைட்ரஜனும் பெருமளவு இதே சிர்கோனியம், இதே நீர், இதே வினையிலிருந்து வந்தவைதான்.

அலமாரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் வேலை செய்தவர்கள் தொங்கவிட்டு எடுத்த துண்டுகள் அவற்றில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்தில் எடைப் பதிவேடு உண்டு. அவை எடுக்கப்பட்ட காலத்தில் இல்லாத நுண்ணோக்கிகள் இன்று இருக்கின்றன. பழைய படலத்தின் ஒரு மெல்லிய சீவலை எடுத்து அதன் துளைகளை எண்ண முடிகிறது, ஒவ்வோர் அணுவும் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க முடிகிறது. பழைய துண்டை மறுபடி உருவாக்க வேண்டுமானால் மறுபடி அத்தனை வருடம் காத்திருக்க வேண்டும். இப்போது உள்ளே இருக்கும் துண்டுகளுக்கும் இதே கதிதான். இடையில் எடுத்துவிட்டால், நிதி திரும்பக் கிடைக்கும் நாளில் அவை விட்ட இடத்திலிருந்து தொடரப் போவதில்லை. புதுத் துண்டு, பூஜ்யத்திலிருந்து.

ஆகவே குழுவிடம் நான் கேட்பது இவை.

ஆட்டோகிளேவுகளில் இப்போது இருக்கும் துண்டுகளை எடுக்கும் உத்தரவை உடனடியாக நிறுத்திவையுங்கள். மற்றவற்றைப் பற்றி விவாதிக்க அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை. அலமாரியிலுள்ள ஒரு துண்டையும் அகற்றக்கூடாது. இடம்தான் பிரச்சினை என்றால் துண்டுகளையும் பதிவேடுகளையும் பிரிக்காமல், பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கும் வேறோர் ஆய்வுக்கூடத்துக்குச் சேர்த்தே மாற்றுங்கள்.

எந்தப் புதுக் கலவையானாலும், பூச்சானாலும், நீர் வேதியியல் மாற்றமானாலும், முதல் திருப்பத்தைக் கடந்து குறைந்தது இன்னும் இரண்டு சுற்றாவது ஓடிய தரவு இல்லாமல் ஒப்புதல் பரிந்துரைக்க மாட்டோம் என்று விதியில் எழுதுங்கள். எடை அதிகரிப்போடு ஹைட்ரஜன் ஏற்பையும் கட்டாயமாக்குங்கள். செதில் உதிர்ந்த துண்டுகள், தோற்றுப்போன தொகுதிகள் உட்பட இதுவரை சேர்ந்த மூலத் தரவு அனைத்தையும் மற்ற ஆய்வாளர்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். எதை வைத்து மாதிரிகள் போதும் என்ற முடிவுக்கு வந்தீர்களோ, அந்த ஒப்பீட்டையும் அதோடு சேர்த்து வெளியிடுங்கள். அப்படி ஓர் ஒப்பீடு செய்யப்படவில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள்.

செலவைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். எந்த வரிசையை இணைக்கலாம், எதைத் திறக்கும் இடைவெளியை நீட்டலாம், எந்த ஆட்டோகிளேவை அணைத்தாலும் பாதகமில்லை என்று எங்களால் சொல்ல முடியும். இனி இந்தச் சோதனைகள் குறித்து எடுக்கும் எந்த முடிவிலும் அவற்றை நேரடியாக நடத்துகிறவர்களில் குறைந்தது ஒருவராவது உறுப்பினராக இருக்க வேண்டும்.

துண்டுகளை வெளியே எடுக்க நீங்கள் குறித்திருக்கும் நாள் நெருங்குகிறது. அதற்கு முன் இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் எழுத்துமூலம் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால அரிமானச் சோதனைப் பிரிவின் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர்